எல்லாந்தான் சொன்ன சாட்சி

என் அண்ணனுக்கு ‘எல்லாந்தான்’ என்று பெயர் வைத்தது நான். பெற்றவர்களும் ஒரு பெயர் வைத்தார்கள். அது அவனுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. கடவுள் எது என்று அவனைக் கேட்டால் “எல்லாந்தான்” என்பான். மேகமா? எல்லாந்தான். இந்தப் பிய்ந்த செருப்பா? அதுவும் சேர்த்துத்தான். நாற்காலியில் கால் இடித்துக்கொண்டால், முதலில் நாற்காலியிடம் “அடடா, பார்க்கல” என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் தன் காலைத் தடவுவான்.

எனக்கு இது ஒத்து வராது. என் சாமிக்கு ஒரு முகம் வேண்டும், இருக்க ஓர் இடம் வேண்டும், எனக்குக் கோபம் வரும்போது நேருக்கு நேர் நின்று திட்ட வசதியாக இருக்க வேண்டும். எல்லாமே சாமி என்றால் திட்டுவதற்கு எந்தப் பக்கம் திரும்புவது? இதை அவனிடமே கேட்டேன். “எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிதான்” என்றான். இப்படிப்பட்டவனிடம் பேசி எவள் ஜெயிப்பாள்?

அவன் வேலை உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது. என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். நான் அதே பேருந்துப் பணிமனையில் இருக்கை உறை தைக்கிறேன். பணிமனைக்குப் பின்னால் ஊழியர் வீடுகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று எங்களுடையது. அதாவது, அவருக்கு வேலை இருக்கும்வரை எங்களுடையது.

அவருடைய கோப்பில் ஏற்கெனவே இரண்டு குறிப்புகள் இருந்தன. இரண்டும் ஒரே குற்றம்: ஓடி வருகிறவர்களுக்காக வண்டியை நிறுத்திக் காத்திருந்தது. மூன்றாவது குறிப்பு விழுந்தால் வேலை போய்விடும் என்பது கம்பெனி விதி. வேலை போனால் வீடும் போகும்.

அந்த மூன்றாவதற்கான ஆபத்து ஒரு தூறல் நாளில் வந்தது. காலை பதினொரு மணி. இரண்டு பக்கமும் அலுவலகங்கள் நிறைந்த அகலத் தெரு. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியை இவர் நடுச்சாலையில் சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தினார். பின்னால் வந்த கார் பேருந்தின் முதுகில் வந்து முட்டியது. யாருக்கும் அடி இல்லை. காருக்குத்தான் இரண்டு விளக்கும் போயிற்று. கார்க்காரர், “டிரைவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பேருந்தில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

“எதுக்குங்க பிரேக் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஏதோ விழுந்த மாதிரி இருந்துச்சு.”

“என்ன விழுந்துச்சு?”

“என்னமோ. விடேன்.”

பொய் சொன்னால் இவருக்குக் காது மடல் சிவக்கும். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், எனக்குத் தெரியாதா? அன்று இரண்டு காதும் பழுத்திருந்தன. சரி, ஃபோனைத்தான் பார்த்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். இது போதாதென்று அன்று சாயங்காலம் கையில் ஒரு மஞ்சள் வாளியோடு வந்து நின்றார். விளிம்பில் விரிசல்.

“வேலையே ஆட்டம் காணுது, இதுல உங்களுக்கு உடைஞ்ச வாளி கேக்குதா?”

“கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்.”

விரிசல் மேலேதான் இருந்தது. முக்கால் வாளி நிரப்பினால் ஒழுகாது. கோபம் வேறு, வாளி வேறு. துணி ஊறவைக்க வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சாட்சி இருந்தால் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். இவர் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் அண்ணி ஃபோனில் பேச்சுவாக்கில், அண்ணன் அந்த மாதம் முழுக்க அதே தெருவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தான் என்று சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே தொங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தெரு முழுக்கத் தெரிந்திருக்குமே! அன்றே போய் அவன் பெயரைச் சாட்சியாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது.

“உங்கண்ணன் வேண்டாம்மா. பேரைத் திரும்ப வாங்கிடு.”

“ஏன்?”

“மச்சான் சாட்சி எடுபடாது.”

“அவன் கிறுக்கன், உளறிடுவான்னுதானே பயப்படுறீங்க? அவனை நான் கிறுக்கன்னு சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது.”

“நான் எங்க சொன்னேன்? அவன் பாவம், விட்டுடுன்னுதான் சொல்றேன்.”

காது மறுபடி சிவந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மறுநாள் மதியம் அண்ணன் வேலை செய்யும் கட்டடத்துக்கே போனேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடிக்கிற ஒவ்வொரு வளையத்தையும் ஒரு தட்டுத் தட்டி வைத்தான், தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

“உன் மாப்பிள்ளைக்கு வேலை போகப்போகுதுண்ணே” என்றேன்.

அவன் கை நின்றது. “வெறும் எச்சரிக்கைதான்னு மாப்ளே சொன்னாரே?”

“அவர் சொல்லுவார். இது மூணாவது குறிப்பு. வேலையும் போச்சு, வீடும் போச்சு.”

கயிற்றைக் கீழே வைத்தான். “வரேன்” என்றான்.

“வந்து, ஒரு நாய் குறுக்கே ஓடுச்சுன்னு சொல்லிடு.”

“நாய் ஓடலையே தங்கச்சி.”

“ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? உனக்கு நாயும் சாமி, நாய் இல்லாத தெருவும் சாமி. அப்ப பொய்யும் சாமிதானே? சொல்லேன்!”

அவன் சிரித்துவிட்டான். “நல்லாத்தான் கேக்குற. பொய்யும் உள்ளதான். ஆனா அதை யாருகிட்டச் சொல்றது? சொல்றதுக்கு வேற ஆள் வேணுமே... தங்கச்சி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். அங்க வந்து வாயைத் திற, போதும்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டேன். அவனை அன்றைக்குப் பேச விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விசாரணை, பணிமனை அலுவலகத்தின் பின்னறையில் நடந்தது. ஒரு நீள மேசை, ஆறு நாற்காலிகள், கரகரக்கும் ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி வேறு கிளையிலிருந்து வந்த ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நிர்வாகத்தின் பக்கம் பேச வந்தவரை நாங்கள் ‘சட்டப்புத்தகம்’ என்போம். தும்மினால்கூட விதி எண் சொல்லித்தான் தும்முவார். அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம் வேறு. நான் தைத்து முடித்த உறைகளை ஒரு குவியலாகத் தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். யாரும் விரட்டவில்லை. குவியலுக்குப் பின்னால் என் முகம் தெரிந்திருக்காது.

கம்பெனி விதியில் ஒரு வரி உண்டு: சாட்சி தன் கடவுளை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்காக நாலைந்து மதத்துப் புத்தகங்களை அலமாரியில் வைத்திருப்பார்கள். அவற்றுக்கு உறை தைத்ததும் நான்தான். எழுத்தர் அத்தனையையும் எடுத்து மேசையில் அடுக்கினார்.

“எது உங்களோடது?” என்றார் அதிகாரியம்மா.

அண்ணன் புத்தகங்களைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். பிறகு மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். “இது போதுங்க.”

சட்டப்புத்தகம் எழுந்துவிட்டார். “அம்மா, இவர் டிரைவருக்கு மச்சான். அது ஒண்ணு. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அது ரெண்டு. இவர் சத்தியம் செல்லாது.”

“நம்பிக்கை இருக்குங்க” என்றான் அண்ணன்.

“எந்தக் கடவுள்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லாதே, சொல்லாதே என்று என் சாமியை வேண்டினேன்.

“எல்லாந்தாங்க” என்றான்.

“ஓகோ. அப்ப இந்த மேசை கடவுள்?”

“மேசை மட்டும் இல்லீங்க.”

“நான்?”

“நீங்களுந்தான்.”

“என் ஜலதோஷம்?”

“அதை மட்டும் எங்க கொண்டுபோய் வைக்கிறது? அதுவும் உள்ளதாங்க.”

எழுத்தர் குனிந்துகொண்டு குலுங்கினார். அதிகாரியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவனை நன்றாகப் பார்த்தார். “புரியற மாதிரி சொல்லுங்க. கடவுள் எல்லாத்தையும் செஞ்சாருன்னு சொல்றீங்களா?”

“இல்லீங்கம்மா. செஞ்சவரு ஒருத்தர், செஞ்சது ஒண்ணுன்னு ரெண்டா இல்ல. என் தங்கச்சி தையல்காரி. நூல்ல முடிச்சுப் போடுவா. முடிச்சு நூலை விட வேற பொருளா? அவுத்தா நூல். அவுக்காதப்பவும் நூல்தான். நான் ஒரு முடிச்சு. நீங்க ஒரு முடிச்சு. இவரும்தான், கொஞ்சம் இறுக்கமான முடிச்சு.”

இப்போது எழுத்தர் மறைக்காமலே சிரித்தார். சட்டப்புத்தகம் விடவில்லை. அந்த மனிதர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமான கேள்விதான், நானே கேட்டிருக்கிறேன். “எல்லாம் கடவுள்னா, தனியாக் கடவுள்னு ஒருத்தர் இல்லை. அப்ப நீங்க பொய் சொன்னா உங்களை யார் தண்டிப்பா? பயமே இல்லாதவன் சத்தியத்தை நாங்க எப்படி நம்புறது?”

அண்ணன் மேசையைக் கையால் ஒருமுறை தடவினான்.

“எல்லாரும் சத்தியம் பண்ணிட்டு இந்தக் கதவு வழியா வெளிய போயிடுறாங்க. வெளிய போனா, அங்க கேக்க ஆள் இல்லைன்னு ஒரு தைரியம். எனக்கு வெளியேன்னு ஒரு இடமே கிடையாதுங்க. பொய் சொல்லிட்டு நான் எங்க போய் நிப்பேன்? மேசையைத் தொட்டாலும் அதுதான், கயித்தைப் பிடிச்சாலும் அதுதான். தண்டிக்க யாரும் வர வேண்டாங்க. எதைத் தொட்டாலும் கை கூசும். அது போதாதா?”

என் கையில் இருந்த உறைக் குவியல் கனத்தது. நாற்பது வருஷம் இவனைக் கேலி செய்தேன். இவன் பயந்தவன், சாமிக்கு முன்னால் நிற்கப் பயந்துதான் இப்படிச் சுற்றி வளைக்கிறான் என்று நினைத்திருந்தேன். எனக்குத்தான் வசதி, என் சாமியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

“சத்தியம் ஏத்துக்கறேன்” என்றார் அதிகாரியம்மா. “அன்னைக்கு என்ன பார்த்தீங்க?”

“மூணாவது மாடியில தொங்கிக்கிட்டு இருந்தேன். தூறல் விட்டு, கண்ணாடியில ஒரு மேகம் போச்சு. அவ்வளவு அழகு. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். வாளியை இடுப்புக் கயித்தோட கட்டணும், அது எங்க விதி. முடிச்சுப் போட மறந்துட்டேன். வாளி நழுவி ரோட்டுல விழுந்துச்சு. நேரா பஸ்ஸுக்கு முன்னால.”

“மச்சான், வாயை மூடு!” என்று என் வீட்டுக்காரர் கத்தினார். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நீங்க சும்மா இருங்க மாப்ளே. பதினெட்டு நாள் வாயை மூடிட்டேன், போதும்.” அண்ணன் அதிகாரியம்மாவிடம் திரும்பினான். “அவர் பிரேக் போடலைன்னா வாளி டயர்ல மாட்டி வண்டி சறுக்கியிருக்கும். ரோடு ஈரம். அவர் இறங்கி வாளியை எடுத்து, அதுல இருந்த என் நம்பரைப் பார்த்துட்டு, மேல என்னைப் பார்த்தாரு. சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டாரு. எனக்கு வேலை போயிடக் கூடாதேன்னு. தனக்கு வெறும் எச்சரிக்கைதான் வரும்னு என்கிட்டச் சொன்னாரு. அதை நம்பித்தாங்க சும்மா இருந்தேன்.”

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். புருஷன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்ச, நானே போய்ப் பெயர் எழுதிக் கொடுத்து, நானே மொட்டை மாடி ஏறிக் கூப்பிட்டு, சொந்த அண்ணனின் வேலைக்குச் சொந்தச் செலவில் சூனியம் வைத்திருக்கிறேன். ஒருவன் மற்றவனுக்காக வாயை மூடினான். அந்த மற்றவன் இவனுக்காக வாயைத் திறந்தான். நடுவில் நான் ஒருத்திதான் ஊரைக் கூட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது, இரண்டு முட்டாள்களும் என்னுடையவர்கள் என்று.

சட்டப்புத்தகம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “மச்சானைக் காப்பாத்த நல்ல கதை. வாளி எங்கே? வாளி இல்லைன்னா சாட்சி இல்லை.”

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். காது இரண்டும் மிளகாய்ப் பழம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! உறைகளை அப்படியே தரையில் போட்டேன்.

“அய்யய்யோ, அதுல என் துணி ஊறுது!” என்று கத்திவிட்டு ஓடினேன்.

பணிமனையைக் குறுக்கே கடந்தால் எங்கள் வீட்டுக்கு நூறு தப்படி. குளியலறையில் மஞ்சள் வாளி, முக்கால்வரை சோப்புத் தண்ணீர், அதில் அவருடைய காக்கிச் சட்டைகள். கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று தோன்றவே இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். பழுது பார்க்கிறவர்கள் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள். வழி முழுக்க நுரை. வாளியை மேசைமேல் வைத்தபோது அங்கே இருந்த கம்பெனி விதிப்புத்தகம் நனைந்தது. சட்டப்புத்தகம் அதைப் பிள்ளையைப் போல மார்போடு தூக்கி அணைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு சட்டையாகப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன். தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்தேன். அடியில் கறுப்புப் பெயின்ட்டில் 31. பதினெட்டு நாளாக அந்த வாளியில் துவைத்திருக்கிறேன். வாளியின் அடியை யார் பார்க்கிறார்கள்?

அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து வேலை அட்டையை எடுத்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தான். 31.

“இந்த வாளி உங்க வீட்டுக்கு எப்ப வந்தது?” என்று அதிகாரியம்மா என்னைக் கேட்டார். “நீங்களும் சாட்சிதான். சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுங்க.”

எழுத்தர் புத்தகங்களை என் பக்கம் நகர்த்தினார். என் சாமியின் புத்தகமும் அதில் இருந்தது. நான் தைத்த நீல உறை. கையை நீட்டினேன். முழங்கைவரை சோப்பு நுரை. ஈரக் கையோடு அதைத் தொட மனம் வரவில்லை. துடைக்கலாம் என்றால் தோளில் இருந்த சட்டைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. பிறகு எனக்கே தெரியாமல் கை போய் அந்த வாளியின்மேல் உட்கார்ந்தது.

குளிர்ச்சியாக இருந்தது. இதன்மேல் கை வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. அதுவரை நான் நாயைப் பற்றிக் கட்டி வைத்திருந்த கதையெல்லாம் எங்கே போயிற்றோ.

“இதுமேல சத்தியமா” என்றேன். “விபத்து நடந்த அன்னைக்குச் சாயங்காலம் இவர் கொண்டாந்தாரு. கிடந்துச்சுன்னு சொன்னாரு. நான் திட்டினேன். அவ்வளவுதாங்க உண்மை.”

சட்டப்புத்தகம் எதிர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல் முந்திக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அவனைக் குட்ட வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது குறிப்பு விழவில்லை. அதிகாரியம்மா என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, “தடயத்தை மறைச்சதுக்கு உங்களை வாயாலதான் திட்ட முடியும். அறிவிருக்கா உங்களுக்கு? திட்டிட்டேன், போங்க” என்றார். வெளியே வந்ததும் இவர் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏன் மச்சான் இப்படிப் பண்ணே?” என்றார். “உங்களுக்கு வேலை போனா அது என்னமோ வேற வீட்டுல நடக்கற மாதிரியா மாப்ளே எனக்கு இருக்கும்?” என்றான் அவன். இரண்டு பேரும் நடுப் பணிமனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஈரச் சட்டைகளோடு பக்கத்தில் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அண்ணன் தன் கம்பெனிக்கும் தானே போய்ச் சொன்னான். வேலை போகவில்லை. ஆறு மாதம் கயிற்றில் ஏறக் கூடாது, தரைத்தளக் கண்ணாடி மட்டும்தான் துடைக்க வேண்டும் என்றார்கள். அவனுக்கு அதிலும் சந்தோஷம். மேலே இருந்தால் கண்ணாடியில் மேகம்தான் தெரியுமாம். கீழே மனித முகங்களாகப் போகின்றனவாம். “எது அழகு?” என்று கேட்டேன். பதில் உங்களுக்கே தெரியும்.

போன வாரம் வீட்டுக்கு வந்தவன், குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, அந்த வாளியைக் கொடேன். கம்பெனியில கேக்கறாங்க” என்றான்.

“தர மாட்டேன்” என்றேன்.

“ஏன்?”

“சத்தியம் பண்ணின சாமியை யாராவது தூக்கிக் கொடுப்பாங்களா?”

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. மடக்கிவிட்டதாக நினைப்பு. “அப்படின்னா எல்லா வாளியும் அதுதானே தங்கச்சி?”

“அதான் சொல்றேன். எல்லா வாளியும் அதுதானே. நீ வேற ஒண்ணு வாங்கிக்கோ.”